ஏழு பேர் பிறந்த வீடு

ஜூலை பிறந்துவிட்டால் வார்ட்ஸ் லேண்டிங்கில் யாருக்கும் முகம் பார்த்துப் பேச நேரமிருக்காது. அமெரிக்காவில், சாக்ரமெண்டோ ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பேரிக்காய்த் தோப்பு. காய் கல்லாக இருக்கும்போதே பறித்து, கழுவி, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்கி ரயிலேற்றிவிட வேண்டும். நாலு நாள் அசந்தால் கனிந்து குழைந்துவிடும், அப்புறம் பன்றிக்குத்தான் போடலாம். காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் மிஷின் ஓடத் தொடங்கினால், உச்சிவெயிலில் தகரம் படபடக்கும் வரை நூற்றுச் சொச்சம் பெண்கள் நின்ற காலிலேயே வேலை செய்வார்கள். சீனப் பெண்கள் ஒரு வரிசை, மெக்சிகோப் பெண்கள் ஒரு வரிசை, போர்த்துகீசியப் பெண்கள் ஒரு வரிசை. யாரும் பிரித்து நிறுத்தவில்லை. அவரவர் சாப்பாட்டு வாசனையை வைத்து அவரவரே பிரிந்துகொண்டதுதான்.

மெய்ஃபோங் அந்தக் கொட்டகையில் பதினாலு வருஷமாகப் பெட்டி அடுக்குகிறாள். இடது கை காகிதத்தை எடுக்கும்போதே வலது கை காயை எடுத்திருக்கும். ஒரு சுற்று, ஒரு முறுக்கு, காம்பு பக்கவாட்டில், அடுத்தது. விரலில் ரப்பர் உறை மாட்டியிருந்தாலும் சீசன் முடியும்போது விரல்நுனி வெந்துபோயிருக்கும். புருஷன் யுங் இரண்டு வருஷத்துக்கு முன் தண்டுக்கீரை வெட்டும் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு இருப்பதெல்லாம் ஒரே மகள். பதினாறு வயசு மேபெல்.

அந்த வருஷம், அதாவது அறுபத்து நாலில், சீசனின் மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, பக்கத்து மேஜை ஹோய் அக்கா கையை நிறுத்தாமலே கத்தினாள்.

“ஏ மெய்ஃபோங்! ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிறியே, உன் மக கெட்டிக்காரின்னு ஊரே பேசுது. உனக்குச் சேதி வந்துச்சா இல்லியா?”

“என்ன சேதி அக்கா?”

“பேரிக்காத் திருவிழால கட்டுரைப் போட்டி வச்சாங்கல்ல? ‘எங்கள் பழைய வீடு’ன்னு. உன் மகளுக்குத்தான் மொதப் பரிசு! டைப்ரைட்டராம். வர்ற ஞாயித்துக்கிழமை மேடையில ஏறிப் படிக்கணுமாம். வெள்ளைக்காரப் புள்ளைங்க இருபது பேரத் தள்ளிட்டு வந்திருக்கா. எல்லாம் அவங்கப்பன் மூளை. உன்கிட்ட ஏது?”

ஹோய் அக்காவின் வாய் அப்படித்தான். பாராட்டும்போதும் ஒரு கிள்ளு கிள்ளாமல் விடமாட்டாள். மெய்ஃபோங்குக்கு அன்றைக்கு அந்தக் கிள்ளும் இனித்தது. பழைய வீட்டைப் பற்றி மகள் என்ன எழுதியிருப்பாள் என்று ஒரு நிமிஷம்கூட அவளுக்குத் தோன்றவில்லை, பாருங்கள். அவ்வளவு பூரிப்பு.

சாயங்காலம் கரைமேட்டுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைப் பலகை வீட்டில் பாகற்காயை வட்டம் வட்டமாக அரிந்து, கறுப்புப் பயற்று உப்புவிழுதோடு வாணலியில் போட்டாள். அரிசி வெந்துகொண்டிருந்தது. மேபெல் சமையல்கட்டு வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இங்கிலீஷில் எழுதியதை வீட்டுப் பேச்சில் மாற்றி மாற்றி வாசித்தாள்.

“எங்கள் வீட்டில் மூன்று அறைகள். வாசல் தெற்குப் பார்த்தது. வாசலுக்கு இடதுபுறம் கிணறு. கிணற்றுக்கு இறங்க ஐந்து கல்படி. வீட்டுக்குப் பின்னால் ஒரு லிச்சி மரம். பக்கத்து வீட்டுக்காரர் இடது கால் விந்தி நடப்பார், சோயாக்கட்டி விற்பார். அவருக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் மலேயாவில்...”

வாணலியில் கரண்டி நின்றுவிட்டது.

அது வீடா? அது கேள்வித்தாள். நாற்பத்தேழாம் வருஷம் சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத்தில், மூன்று நாள் மூன்று அதிகாரிகள் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகளுக்கு மெய்ஃபோங் மனப்பாடமாகச் சொன்ன பதில். யுங் உண்மையில் லாவ் வீட்டுப் பிள்ளை. சின்ன வயசில் ஓயாங் குடும்பத்துப் பிள்ளை என்று பொய்க் காகிதம் வாங்கிக்கொண்டுதான் அமெரிக்காவுக்குள் வந்தான். சீனர்களுக்குக் கதவு சாத்தியிருந்த காலம் அது, உள்ளே இருக்கிறவனின் பிள்ளை என்று சொன்னால் மட்டும் ஒருக்களித்துத் திறக்கும். உலக யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவ உடுப்போடு ஊருக்குப் போய் இவளைக் கட்டிக் கூட்டி வந்தபோது, இவளும் அந்த ஓயாங் வீட்டு மருமகளாகத்தான் வர வேண்டியிருந்தது. கப்பலில் பதினெட்டு நாள் அவன் ஓயாங் வீட்டு விவரம் எழுதிய காகிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல இவள் உருப்போட்டாள். கரை தெரிந்ததும் காகிதத்தைக் கிழித்துக் கடலில் போட்டார்கள்.

அதிகாரி எப்போது வேண்டுமானாலும் மறுபடி கதவைத் தட்டுவான், மறந்துவிடாதே என்று யுங் சொல்லியிருந்தான். மறக்காமலிருக்க மெய்ஃபோங் ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டும்போதெல்லாம் அதையே சொன்னாள். மூணு அறை, தெக்கு வாசல், இடது பக்கம் கிணறு, அஞ்சு படி. பிள்ளை தூங்கியது, வளர்ந்தது. கடைசியில் பரிசும் வாங்கிவிட்டது.

“எப்படிம்மா? நல்லாயிருக்கா?”

“அது நம்ம வீடு இல்லடி.”

“என்ன?”

பாகற்காய் தீய்ந்தது. மெய்ஃபோங் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். மேபெல் முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

“அப்ப நான் தாலாட்டுன்னு கேட்டதெல்லாம் பரீட்சைக்கு நீ போட்ட மனப்பாடமா? அந்த லிச்சி மரத்துல ஏறி விளையாடுற மாதிரி எத்தனை தடவ நான் நெனச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? அந்த நொண்டித் தாத்தாவ நெனச்சு ஒரு நாள் அழுதிருக்கேன்மா!”

“மெதுவாப் பேசு.”

“சரி, அது ஓயாங் வீடு. நீ எங்க பொறந்தே? அதையாவது சொல்லு.”

மெய்ஃபோங் எழுந்து வாணலியை இறக்கி வைத்தாள்.

“சொல்ல மாட்டே. இன்னும் எத்தனை பொய் வச்சிருக்கே உள்ள?”

“ஏய்! வாய அடக்கு. நான் சொன்ன பொய்யிலதான் நீ இந்த நாட்டுல பொறந்து, இந்த இங்கிலீஷு பேசுறே.”

“நான் அதைப் படிக்க மாட்டேன்.”

“படிக்கணும். உன் கட்டுரையும் அதிகாரிங்க ஃபைலும் அச்சுப் பிசகாம ஒண்ணு. ஆபத்தே இல்ல. படிக்கலன்னாதான் ஏன் படிக்கலன்னு நாலு பேரு கேப்பான். சேதிப் பேப்பர்க்காரன் வர்றான்னு சொல்றாங்க.”

“பொய்யி பத்திரம்ங்கிறே.”

“பத்திரம்தான். நீ பொறந்த நாள்லேருந்து இதுதான் நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்துது.”

மேபெல் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். மெய்ஃபோங் தீய்ந்த பாகற்காயைச் சுரண்டி, வெறும் சோற்றோடு பிசைந்து, தொண்டையில் இறக்கினாள். மகள் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதுதான் கோபம். தான் கண்ணால் பார்த்திராத ஒரு வீட்டை, ஊர் கூடியிருக்கும் மேடையில், அம்மாவின் வாழ்க்கை என்று தன் பிள்ளை வாசிக்கப் போகிறது. அப்புறம் அது அச்சாகும், நிரந்தரமாகும். அப்படியானால் தான் வாழ்ந்த வாழ்க்கை எங்கே போகும்? யாருக்குத் தெரியும்?

மறுநாள் கொட்டகையில் அவள் அடுக்கிய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. பதினாலு வருஷத்தில் முதல் தடவை. காம்பு குத்திக் காய் ஓட்டையாகியிருக்கிறது என்று மேற்பார்வைக்காரன் தட்டிவிட்டுப் போனான்.

“என்னடி ஆச்சு? மக பரிசு வாங்கினா ஆத்தாக்காரிக்குக் கை எழும்பாதோ?” என்றாள் ஹோய் அக்கா.

“தலைவலி அக்கா.”

“தலை இருக்கிறவங்களுக்குத்தான் வலி வரும். குனிஞ்சு வேலையப் பாரு.”

மத்தியானம் பன்னிரண்டுக்கு மணி அடித்தது. சீனப் பெண்கள் கரைமேட்டு வாதுமை மர நிழலில் தூக்குகளைத் திறந்தார்கள். சோறு, உப்பு முட்டை, கருவாடு. கொட்டகைச் சமையல்காரர் சூங் பெரிய கெட்டிலில் தேத்தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தச் சூங்தான் உண்மையான ஓயாங். அந்த மூன்று அறை வீட்டில் நிஜமாகவே பிறந்த ஒரே ஆள். காகிதப்படி யுங்குக்கு அண்ணன், மேபெலுக்குப் பெரியப்பா. கல்யாணமாகாத கட்டை. ஊரைவிட்டு வந்து முப்பத்தஞ்சு வருஷமாகிறது, திரும்பிப் போனதில்லை.

மேபெல் லீவு நாட்களில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலைக்கு வருவாள். அவளைப் பார்த்ததும் சூங் கெட்டிலைக் கீழே வைத்தார்.

“ஏ புள்ள! பரிசு வாங்கினியாமே. பெரியப்பனுக்குப் படிச்சுக் காட்ட மாட்டியா? எனக்கென்ன இங்கிலீஷா தெரியும், நம்ம பேச்சுல சொல்லு.”

மேபெல் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். “சொல்றேன் பெரியப்பா. மனப்பாடமாவே தெரியும். ஒரு எழுத்து மாறாது.” எழுந்து நின்று, வேண்டுமென்றே கணீரென்று ஆரம்பித்தாள். மூன்று அறை. தெற்கு வாசல். கிணறு. ஐந்து படி...

“ஆறு,” என்றார் சூங்.

எல்லோரும் திரும்பினார்கள். மெய்ஃபோங்குக்குக் கையில் இருந்த உப்பு முட்டை நழுவி மடியில் விழுந்தது.

“ஆறு படி. கடைசிப் படி தண்ணிக்குள்ள இருக்கும். கோடையில மட்டும் தெரியும். அதுல நான் வழுக்கி விழுந்து பல்லு போச்சு.” உதட்டை விலக்கிக் காட்டினார். அப்புறம் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாகவே அழுதார்.

“கெழவனுக்கு வெயிலு ஏறிப்போச்சு,” என்றாள் ஹோய் அக்கா. “எல்லாம் எழுந்திரிங்கடி, நிழல் மாறிடுச்சு, அந்தப் பக்கம் போலாம்.” அத்தனை பேரையும் கிளப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று பேர்தான் மிச்சம். கீழே ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிடுங்க மாமா,” என்றாள் மெய்ஃபோங். “புள்ளைக்குத் தெரியாது. நான்தான் அவ காதுல ஓதி ஓதி...”

“நீ ஒருத்தியா? எங்கப்பா அந்த வீட்டை ஏழு பேருக்குக் குடுத்தாரு. இந்த ஆத்தங்கரையில ஏழு ஆம்பளைங்க, நான் அந்த வீட்டுல பொறந்தேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். அத்தனை பேரும் எங்கம்மா வயித்துல பொறந்ததாக் கணக்கு. ஸ்டாக்டன்ல ஒருத்தன் இருக்கான், எங்கம்மாவுக்கு அவனவிட ஒம்போது வயசுதான் கூட!” அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “எல்லாரும் சொல்லிச் சொல்லி, அது என் வீடுங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. இன்னிக்கு இந்தப் புள்ள வாயால கேக்கும்போதுதான்... அடடா, அது என் வீடுல்ல?”

மேபெலின் கோபம் எங்கோ போய்விட்டது. “நீங்க எடுத்துக்கோங்க பெரியப்பா. எனக்கு வேணாம். எனக்கு எங்கம்மாவோடது வேணும். அவ சொல்ல மாட்டேங்கிறா.”

“ஏம்மா சொல்ல மாட்டேங்கிறே? லாவ் வீட்டுக்காரன் கட்டினவ, நல்ல ஊராத்தான் இருந்திருக்கும்.”

மெய்ஃபோங் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினேழு வருஷமாகக் கட்டிக் காத்ததை இனியும் தூக்கிச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

“ஊரே கிடையாது மாமா. நான் படகுல பொறந்தவ. படகுக்காரி.”

சூங் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது.

“ஆத்துல பரிசல்துறையில எங்கப்பாவோட ஓட்டம். மீனு, சிப்பி, ஆள் ஏத்தி இறக்குறது. அப்பா சளி வந்து படுத்தப்புறம் துடுப்பு என் கையில. அப்ப இவ அப்பா ராணுவச் சட்டையோட வந்து, அக்கரை போகணும்னாரு. போனதும் இக்கரை போகணும்னாரு. ஒரே நாள்ல மூணு தடவ. ‘உமக்கு எந்தக் கரையில வேலை’ன்னு கேட்டேன். ‘படகுலதான்’னாரு.” அவள் விரலுறையை முறுக்கினாள். “என் பேரு மெய்ஃபோங் இல்ல. அது அவரு வச்சது. சுய்தாய்ங்கிறது என் பேரு. தண்ணித் தங்கச்சின்னு அர்த்தம். அந்தப் பேரக் கேட்டாலே படகுக்காரின்னு தெரிஞ்சுபோகும். வெள்ளைக்காரனுக்கு இல்ல, நம்ம ஆளுங்களுக்கு.”

சூங் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்ன சொல்லப் போகிறாரோ என்று மெய்ஃபோங்குக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அதிகாரி முன்னால் நின்ற அன்றைக்குக்கூட அப்படி அடித்ததில்லை.

“எங்க கெணத்துல உங்க ஆளுங்கள எங்கம்மா தண்ணி மொள்ள விட மாட்டா,” என்றார் கடைசியில். “செருப்போட தெருவுல நடந்தாக் கல்லெடுத்து அடிப்போம். நானே அடிச்சிருக்கேன்.”

“தெரியும் மாமா. அதனாலதான் மனசுக்குள்ள பதினேழு வருஷமா அந்தக் கெணத்துல எறங்கி எறங்கி மொண்டுக்கிட்டிருந்தேன். யாரும் தடுக்கல.”

சூங் தலையைக் குனிந்துகொண்டார். மணி அடித்தது, பெண்கள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். அப்புறம்தான் அவர் வாய் திறந்தார்.

“சான் பிரான்சிஸ்கோவுல ஆபீசு ஒண்ணு தொறந்திருக்கான். பொய்க் காகிதத்துல வந்தவங்க வந்து உண்மையச் சொன்னா, பாத்துச் சரிபண்றோம்ங்கிறான். நெறையப் பேரு போயாச்சு. சில பேருக்குச் சரியாச்சு, சில பேரு லோல்பட்டான். நான் பயந்துக்கிட்டு அந்தப் பக்கமே தலை வைக்கல. நீ போய்ச் சொன்னா என் பேரும் வெளிய வரும்.”

“அதனாலதான் நான் வாயத் தொறக்கவே—”

“தொறம்மா. நானும் வர்றேன். என் வீட்ட என்கிட்டக் குடுத்துட்டு உன் படக நீ எடுத்துக்கோ. அந்தக் கல்லெடுத்து அடிச்சதுக்கு என்னால வேற என்ன பண்ண முடியும், சொல்லு.”

இப்போது பயம் மறுபடி வந்தது. வராமல் இருக்குமா? சரியாகாமல் போனால் அவளைக் கப்பலேற்றிவிடுவார்கள். மேபெல் இங்கே பிறந்தவள், அவளை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பதினாறு வயசுப் பெண் தனியாக நிற்கும். அதைச் சொன்னதும் மேபெல் அம்மாவின் ரப்பர் உறை மாட்டிய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அனுப்பினாங்கன்னா நானும் வர்றேன். எனக்குத் துடுப்புப் போடச் சொல்லிக் குடு.”

“கழுதை. உன் ஒடம்புக்குத் துடுப்பா?” என்று சொல்லிவிட்டு மெய்ஃபோங் அழுதாள். “வேணாம்னு சொல்லுடி. அதையே படிச்சிடறேன்னு சொல்லு. நான் பேசாம இருந்துடறேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“பிடிவாதம் யாருகிட்டேருந்து வந்துச்சு இதுக்கு?”

“படகுக்காரிகிட்டேருந்து,” என்றார் சூங்.

வியாழக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஜூலை வெயிலில் சூங் தன்னிடமிருந்த ஒரே கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் வியர்த்து வழிந்தது, கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. ஆபீசில் ஒல்லியான ஒரு அதிகாரி. ஜலதோஷம் பிடித்தவர், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கைச் சீந்தினார். மொழிபெயர்க்க ஓர் ஆள் வந்தார். ஃபைலைத் திறந்தார்கள். மூன்று நாள் விசாரணை, ஒவ்வொரு வார்த்தையும் அதில் இருந்தது.

“நீங்க சொல்ற விஷயத்துக்கு முன்னால, பழசைச் சரிபாக்கணும்,” என்றார் அதிகாரி. “ஓயாங் வீட்டுக் கிணத்துக்கு எத்தனை படி?”

பழக்கதோஷம், வாய் தன்னால் ஐந்து என்று சொல்ல எழும்பியது. அவள் அதை அடக்கினாள்.

“தெரியாது.”

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியாதா?”

“தெரியாது. நான் பாத்ததே இல்ல.”

“வாசல் எந்தத் திசை?”

“தெரியாது.”

“பக்கத்து வீட்டுக்காரர் பெயர்?”

“தெரியாதுங்க!”

அப்படியொரு சுகத்தை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. ஒவ்வொரு தெரியாதுக்கும் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பதினோராவது தெரியாதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, மேபெலுக்கும் வந்தது. அதிகாரி என்ன நினைத்தாரோ, அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

“சரி. தெரிஞ்சதைச் சொல்லுங்க. உங்க பேரு?”

“குவோக் சுய்தாய்.”

அவர் அதை எழுதினார். எழுத்து எழுத்தாகக் கேட்டு, ஒரு தரம் அடித்துவிட்டுத் திருப்பி எழுதினார். இனி நாமும் அவளைச் சுய்தாய் என்றே கூப்பிடலாம். பிறகு சூங்கின் முறை. ஆறு படி என்பதை எழுதச் சொல்லி அவர் மேஜையைத் தட்டினார், அதிகாரி எழுதும்வரை விடவில்லை. கடைசியில் அதிகாரி ஃபைலை மூடி, யுங் ராணுவத்தில் இருந்தவன் என்பதால் பயப்பட அதிகம் ஒன்றுமில்லை, ஆனால் எழுத்தில் வர மாதக்கணக்காகும் என்றார். அதுவரைக்கும்? அதுவரைக்கும் வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து வேலையைப் பார்த்தார்கள். சுய்தாய் பெட்டி அடுக்கினாள். சாயங்காலம் சமையல்கட்டில் அவள் சொல்லச் சொல்ல மேபெல் எழுதினாள். படகில் எங்கே சமைப்பார்கள், தவழும் குழந்தையின் இடுப்பில் எப்படிக் கயிறு கட்டுவார்கள், புயல் வந்தால் எந்த ஓடைக்குள் ஒதுங்குவார்கள், எல்லாம். இரண்டு நாளில் மகள் கேட்ட கேள்வி அந்த மூன்று அதிகாரிகள் கேட்டதைவிட அதிகம். ஒன்றுக்குக்கூட சுய்தாய் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், பேண்டு வாத்தியம், பேரிக்காய்ப் பணியாரக் கடை, தூசி. கொட்டகைப் பெண்கள் எல்லோரும் நல்ல உடுப்பில் வந்து, அங்கேயும் வரிசை வரிசையாகவே உட்கார்ந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில், போட்டியை நடத்துகிற நூலகத்து விட்காம்ப் அம்மாளிடம் மேபெல் போய்ப் புதுக் கட்டுரையை நீட்டினாள். அந்த அம்மாள் நல்ல மாதிரி. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே?

“கண்ணு, பரிசு வாங்கினது அந்தக் கட்டுரை. இதைப் படிச்சா டைப்ரைட்டர் ரெண்டாவதா வந்த பொண்ணுக்குப் போயிடும்.”

“அவ நல்லாத்தான் எழுதியிருந்தா. குடுத்துடுங்க. நான் இதையே படிக்கிறேன். பேரு சொல்லும்போது மேபெல் லாவ்னு சொல்லுங்க.”

பேர் சொன்னார்கள். சீனர் வரிசையில் ஒரு சலசலப்பு. லாவா? ஓயாங் எங்கே? மேபெல் மேடையில் ஏறி முதல் வரியைப் படித்தாள். எங்களுக்குப் பழைய வீடு கிடையாது, எங்கள் அம்மா படகில் பிறந்தவள். சுய்தாய்க்கு அந்த இங்கிலீஷில் பாதி புரியவில்லை. ஆனால் தன் பேர் வரும்போதெல்லாம் புரிந்தது. நாலு தடவை வந்தது. பக்கத்து வரிசையில் விஷயம் புரிந்தவர்கள் புரியாதவர்கள் காதில் சொன்னார்கள். படகுக்காரி என்ற சொல் வாய்க்கு வாய் தாவிப் பின்வரிசை வரை போவது அவளுக்குக் கேட்டது. கழுத்து வேர்த்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தாள்.

வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். விட்காம்ப் அம்மாள், அந்த அம்மா இங்கே இருக்கிறார்களா, எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டாள். மேபெல் கையை நீட்டினாள்.

“அம்மா! வா!”

சுய்தாய் எழுந்தாள். மேடைக்கு நடந்தாள். மைக் எதற்கு அவளுக்கு? ஆற்றின் நடுவிலிருந்து கரைக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை.

“என் பேரு சுய்தாய்! படகுக்காரி! இவ என் மக!”

முன்வரிசையில் கம்பளிக் கோட்டோடு சூங் ஒருவர் மட்டும் படபடவென்று தட்டினார். சீனப் பெண்கள் வரிசையில் ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் ஹோய் அக்காவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் கொட்டகையின் தீர்ப்பு. நாளைக்கு அந்த மேஜைக்குப் பக்கத்தில் நிற்பார்களா, அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா, எல்லாம் அந்த ஒரு வாயில் இருந்தது.

ஹோய் அக்கா பெஞ்சின் மேலேயே ஏறி நின்றாள்.

“அப்பாடா! சொல்லித் தொலைச்சியா? கொட்டகைக்கு வந்த மொத நாளே எனக்குத் தெரியும்டி! தரையில நிக்கும்போது யாராச்சும் அப்படிக் கால அகட்டி நிப்பாங்களா, படகு கவுந்துடும்ங்கிற மாதிரி?”

சுய்தாய் மேடை விளிம்புக்கு வந்தாள். “அப்ப ஏன் அக்கா யாருகிட்டயும் சொல்லல?”

“நீயே சொல்லாதத நான் எதுக்குடி சொல்லணும்? என் வாயப் பத்தி உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அடக்கி வச்சதுல எனக்குத்தான் நோவு வந்துச்சு!” ஹோய் அக்கா திரும்பித் தன் வரிசையை ஒரு முறை முறைத்தாள். “என்னங்கடி பாக்குறீங்க? கை வெந்துபோச்சா? தட்டுங்க!”

தட்டினார்கள். முதலில் பயந்து தட்டினார்கள், அப்புறம் மனசோடு தட்டினார்கள். மெக்சிகோ வரிசையில் விசில் அடித்தார்கள். மேபெல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுய்தாய் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.

“சரி, என்ன பேரு சொன்னே? திருப்பிச் சொல்லு, நாளைக்குக் கூப்பிடணும்,” என்றாள் ஹோய் அக்கா.

“சுய்தாய்.”

“கூப்பிட்டுப் பாக்கட்டுமா?” ஹோய் அக்கா இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். “ஏ சுய்தாய்!”

“ஓய்!”

அந்தப் பதிலில் பேண்டுக்காரன் ஒருவன் ஊதுகுழலைத் தவறவிட்டான். தோப்புக்குள்ளிருந்து காக்கைகள் கிளம்பின. ஆற்றின் அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

“இன்னொரு தரம் கூப்பிடு அக்கா,” என்றாள் சுய்தாய்.